ஃபிளாக்கும் கண்டனமும்

காரைக்குடி செக்காலையில் ஒரு டீக்கடையில் வைத்து நண்பர் தன் மொழிபெயர்ப்புப் பிரதியைக் காட்டினார். எட்வர்ட் ஹெர்மனும் நோம் சோம்ஸ்கியும் 1988இல் எழுதிய ஊடக விமர்சன நூலின் முதல் அத்தியாயம். அதில் வரும் 'ஃபிளாக்' (கொடி அல்ல) என்ற சொல்லைக் 'கடும் கண்டனம்' என்று ஆக்கியிருந்தார். "இதுல என்ன தப்பு தோழர், அகராதியும் அதத்தானே சொல்லுது?" என்றார். அகராதி சரிதான். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நாம் எதை இழக்கிறோம் என்பது தெரியும்.

விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிக்கும் நீண்ட ஜெர்மன் சொல்லொன்றின் சுருக்கம் 'ஃபிளாக்'. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் 88 மி.மீ. பீரங்கிகள் சுட்ட குண்டுகள் விமானத்தில் நேராகப் பட வேண்டும் என்பதில்லை. குறித்த உயரத்தில் வெடித்துச் சில்லுகளாகச் சிதறும். வானத்தின் ஒரு பகுதியையே அவற்றால் நிரப்பிவிடுவார்கள். ஒரு விமானம் விழ ஆயிரக்கணக்கான குண்டுகள் செலவாயின. விழாவிட்டாலும் பாதகமில்லை, விமானி இன்னும் உயரே ஏறுவான், குறி தவறும். இந்தச் சொல்லுக்குப் பொதுவெளிக் கண்டனம் என்ற பொருள் 1960களில் பரவியது. இந்த உருவகத்தில் எழுதுகிறவன் குண்டு வீசுகிறவனாகவும் கீழே இருப்பவர் தற்காத்துக்கொள்கிறவராகவும் ஆகிவிடுவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் ஃபிளாக் விடுகிறவர்கள் எப்போதும் தங்களைப் புண்பட்டவர்களாகவே முன்வைக்கிறார்கள் என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

ஹெர்மன்-சோம்ஸ்கி சொல்லும் ஐந்து வடிகட்டிகளில் ஃபிளாக் ஒன்று. கடிதம், தொலைபேசி, மனு, வழக்கு என்று எந்த வடிவத்திலும் வரும். அதைப் பெருமளவில் தயாரிக்கப் பணமும் அதிகாரமும் வேண்டும்.

நம்முடைய 'கண்டனம்' வெட்டுதலில் பிறந்த சொல். கண்டதுண்டமாக வெட்டுவது என்கிறோமே, அந்தக் கண்டம். வாளுக்கு எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். 1869இல் ஆறுமுக நாவலர் 'போலியருட்பா மறுப்பு' எழுதியபோது வள்ளலார் தரப்பிலிருந்து பதில் நூல்கள் வந்தன. வசைக்குக் குறைவில்லை, வழக்குவரை போனது. ஆனாலும் பிரதிக்குப் பிரதி. எங்கள் காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கினார். நாலு வருஷத்தில், 1943இல், கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணா ஒரே மேடையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், பிறகு சேலத்தில் சோமசுந்தர பாரதியோடும் வாதிட்டார். கொளுத்துவது விமர்சனமாகுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கம்பனைப் படித்துவிட்டுத்தான் இருதரப்பும் மேடையேறின.

'மாதொருபாகன்' விஷயம் வேறு. நாவல் வந்தது 2010இல். நாலு வருஷம் சத்தமில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டன. புத்தகம் எரிக்கப்பட்டது, ஊரில் கடையடைப்பு. 2015 ஜனவரி 12இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட்டார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். இங்கே முழு நாவலை வைத்து வாதிட யாருக்கும் அவசியமே இருக்கவில்லை. இதற்கும் 'கடும் கண்டனம்' என்றே பத்திரிகைகள் எழுதின. "விமர்சிக்க அவங்களுக்கும் உரிமை இருக்குல்ல" என்று நம்மவர்களே சிலர் என்னிடம் கேட்டார்கள். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

ஒரே சொல் இரண்டையும் மூடும்போது நட்டம் விமர்சகனுக்கும்தான். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் கறாராக எழுதியபோது, "தாக்கிட்டீங்களே" என்றார் கவிஞர். நான் பெயர் போட்டு எழுதியிருந்தேன். அவர் பதில் எழுதியிருக்கலாம்.

நண்பர் இப்போது 'சரமாரி' என்று திருத்தியிருக்கிறார். சரம் அம்பு, மாரி மழை. அதுவும் போர்க்களச் சொல்தான். எனக்கு அரைமனசு. அம்பு மழைக்குப் பின்னால் முகம் தெரிகிற வில்லாளி ஒருவன் உண்டே. அடிக்குறிப்பு எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.