40,000 படங்கள், 9 தகடுகள்

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. லிட்டரில் ஏறத்தாழ 8.2 லட்சம். சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய தெருக்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் மொட்டைமாடிகளில் பாயோடும் பத்திரங்களோடும் கல்யாண சிடிக்களும் காய்ந்தன. ஈரக் காகித உறையை உரித்தபோது வெள்ளிப் பூச்சும் கூடவே வந்தது.

சிடியின் தடிமன் 1.2 மி.மீ. பதிவுப் படலம் அதன் நடுவில் இல்லை. மேற்புறத்தில், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. டிவிடியில் தலா 0.6 மி.மீ. பிளாஸ்டிக் இரு பக்கமும் அதைக் காக்கிறது. ப்ளூ-ரேயில் படிக்கும் பக்கத்து உறை 0.1 மி.மீ. மட்டுமே, அதனால்தான் மேலே கடினப் பூச்சு.

குடும்பப் படங்கள் 40,000-ஐத் தகட்டில் காப்பதாக வைத்துக்கொள்வோம். படத்துக்கு 5 எம்பி என்றால் மொத்தம் 200 ஜிபி. 700 எம்பி சிடியில் 286 தகடுகள், அடுக்கினால் 34 செ.மீ. 4.7 ஜிபி டிவிடியில் 43. 25 ஜிபி ப்ளூ-ரேயில், விளிம்புப் பகுதியில் 10 சதவீதம் காலியாக விட்டாலும், 9. 100 ஜிபி தகட்டில், அதே அளவு காலியாக விட்டால், 3 போதும். ஆனால் ஒன்று கெட்டால் மூன்றில் ஒரு பங்கு குடும்பப் படங்கள் போகும். 9-இல் ஒன்று கெட்டால் இழப்பு 11 சதவீதம். என் தேர்வு 25 ஜிபி.

அமெரிக்கத் தர நிறுவனத்தின் 2003 வழிகாட்டி தகடுகளுக்குச் சொல்வது 4–20 டிகிரி செல்சியஸ், 20–50 சதவீத ஈரப்பதம். சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரிக்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டும். பதிவுச் சிடி, டிவிடிகளில் இருப்பது கரிமச் சாயம். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் உலோகக் கலவை. அட்டையில் ‘எல்டிஎச்’ என்றிருந்தால் அதிலும் சாயம்தான், அதைத் தவிர்க்கலாம். எம்-டிஸ்க் என்ற நீண்டகாலத் தகட்டுக்குச் சொல்லப்படும் 1,000 ஆண்டு, சோதனைக்கூடக் கணிப்பு மட்டுமே.

பானசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் பதிவு ப்ளூ-ரே தயாரிப்பை நிறுத்தின. தகட்டோடு உபரியாக ஒரு டிரைவும் வாங்கி வைப்பது நல்லது.

4 மடங்கு வேகம், அதாவது விநாடிக்கு 18 எம்பி: 200 ஜிபி பதிய சுமார் 3 மணி 5 நிமிடம். இரண்டு பிரதிக்கு 6 மணி 10 நிமிடம். சரிபார்க்க ஏறக்குறைய இன்னும் அவ்வளவு. இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் 2015-இல் இரண்டுமே நனைந்திருக்கும். 9 தகடுகளின் எடை சுமார் 145 கிராம். மதுரையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஒரு கூரியர் உறை.