முறிந்த திருகாணியும் போட்டிக்கு முந்திய மாலையும்

காணிக்கை செலுத்த வந்த இடத்தில், தன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று ஒருவன் நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் இயேசு மலைப்பொழிவிலே கற்பித்தார் (மத்தேயு 5:23-24). இந்தப் போதனையை நாம் பலமுறை செவிமடுத்திருக்கிறோம். ஆயினும் அதிலுள்ள ‘முதலில்’ என்ற சிறு சொல்லை எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம். செப்பனிட வேண்டியதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. முதலில் செப்பனிடு, பின்பு வா என்பது ஆண்டவரின் ஒழுங்கு.

இந்த ஒழுங்கின் ஆழத்தை விளங்கிக்கொள்ள, ஒரு விளையாட்டுக் களத்தை நாடிச் செல்வோம். பந்தயத் திடலில் ஓடுவோரைச் சுட்டிக்காட்டிக் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்குப் பாடம் புகட்டியவர் புனித பவுல் (1 கொரிந்தியர் 9:24-27). ஆகவே இது நமக்குப் புதிய வழியன்று.

நீச்சல், துவிச்சக்கர வண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒரே நாளில் செய்து முடிக்கும் போட்டிக்கு ட்ரையத்லன் என்று பெயர். அதன் மிக நீண்ட வடிவம் 1978ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில் ஆரம்பமாயிற்று. 15 பேர் புறப்பட்டனர்; 12 பேரே நிறைவு செய்தனர். கடலில் ஏறத்தாழ 3.8 கிலோமீற்றர் நீச்சல், வண்டியில் 180 கிலோமீற்றர் பயணம், அதன் பின் 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் என்பன அதன் அளவுகள். இவற்றில் பாதித் தூரங்கொண்ட சர்வதேசப் போட்டியொன்று 2018இல் நமது கொழும்பு மாநகரிலும் நடைபெற்றது.

இத்தகைய போட்டிக்காக ஒருவர் மாதக்கணக்கில் உடலை ஒறுத்துப் பயிற்சி செய்கிறார். நீண்ட தூரப் போட்டிகள் பலவற்றில் முதல் நாளிலேயே வண்டியைக் களத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்கும் முன்னர் அதனைத் துடைத்து, ஒவ்வொரு திருகாணியையும் சாவியால் தொட்டுச் சோதிப்பது வழக்கம். அப்படிச் சோதிக்கும்போது, ஆசனத்தைத் தாங்கும் திருகாணி எவ்வித எதிர்ப்பும் இன்றிச் சுழல்கிறது. அதன் தலை மட்டும் கழன்று கையோடு வந்துவிடுகிறது. எஞ்சிய துண்டு துளைக்குள்ளே இருக்கிறது. நாளை விடியலில் போட்டி. கடைகள் மூடும் நேரமோ நெருங்கிவிட்டது.

சிறுவிரலிலும் மெல்லிய, ஐந்து அல்லது ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓர் இரும்புத் துண்டு அது. பல இலட்சம் ரூபா பெறுமதியான வண்டியும், மாதக்கணக்கான பயிற்சியும், நாளைய 180 கிலோமீற்றரும் அதன்மீதே தங்கியுள்ளன. வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே உடலுக்கு மிகத் தேவையானவை என்று அதே பவுல் எழுதினார் அன்றோ (1 கொரிந்தியர் 12:22)?

ஏன் முறிகிறது?

திருகாணி திடீரென முறிவதில்லை. நம் கண்ணுக்குத்தான் அது திடீர் நிகழ்வாகத் தோன்றுகிறது. அதனை முறிக்கும் காரணங்களுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, அளவுக்கு மிஞ்சிய இறுக்கம். வண்டியின் சிறு திருகாணிகள் பலவற்றுக்கு ஐந்து நியூற்றன் மீற்றர் அளவான முறுக்கே போதும். ஒரு மீற்றர் நீளமான கோலின் நுனியில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குத்தான் அது. ஆனால் கையிலே பலம் இருக்கிறதென்பதற்காக, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இறுக்குவோர் உண்டு. இரும்பு இழுபட்டு மெலிகிறது.

இரண்டாவது, போதாத இறுக்கம். இது பலருக்கு வியப்பளிக்கலாம். தளர்ந்திருக்கும் திருகாணிதான் வீதியின் ஒவ்வோர் அதிர்விலும் முன்னும் பின்னும் அசைக்கப்படுகிறது. ஆயிரமாயிரம் சிற்றசைவுகளில் புரியின் அடியிலே மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி, நாளுக்கு நாள் உள்நோக்கி வளர்கிறது. சரியான அளவில் இறுக்கப்பட்டது நெடுங்காலம் உழைக்கிறது. தளர்ந்ததோ களைத்து முறிகிறது.

மூன்றாவது, உப்பு. இப்போட்டியாளர் முன்னோக்கிக் குனிந்து, முழங்கைகளை ஊன்றியபடி மணிக்கணக்கில் வண்டியைச் செலுத்துகிறார். அவருடைய வியர்வை சொட்டுச் சொட்டாக உலோகத்தின் மீது விழுந்து இடுக்குகளில் தங்குகிறது. இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அரிப்பு விரைவுபடும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு.

நமது இல்லங்களிலும் நடப்பது இதுதான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இறுக்குகின்றோம். மறுபுறத்தில் குடும்பச் செபம், ஒன்றாக உண்ணும் உணவு, ஒருவரோடொருவர் பேசும் பொழுது ஆகியவற்றைத் தளரவிட்டு, நாளாந்த அதிர்வுகளில் உறவைக் களைக்கச் செய்கின்றோம். சொல்லாமல் விழுங்கிய சிறு சிறு கசப்புகள் உப்பைப்போல் இடுக்குகளில் தங்கி அரிக்கின்றன. ஒருநாள் தலை கழன்று கையோடு வருகிறது. அப்போது, எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று கலங்குகின்றோம்.

எவ்வாறு சீர்செய்வது?

முறிந்ததைக் கண்டதும் வரும் முதற் சோதனை, மறைத்துவிடுவது. பசையால் ஒட்டலாம், நாடாவால் சுற்றலாம், மற்றைய திருகாணி தாங்கும் என்று நம்பிப் புறப்படலாம். வண்டி பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். ஆனால் இருவர் சுமந்த பாரத்தை ஒருவர் சுமக்கும்போது, அவரும் வழியில் முறிவார். வேகத்தில் ஆசனம் கழன்றால் விளைவு போட்டியில் தோற்பதோடு நின்றுவிடாது.

எனவே உள்ளே சிக்கிய துண்டை வெளியே எடுத்தே ஆகவேண்டும். பழையது உள்ளேயிருக்கப் புதியதை எவராலும் செலுத்த முடியாது. எரிபொருள் கிடைக்காத 1990களில் துவிச்சக்கர வண்டியையே நம்பி வாழ்ந்த நம் வடபுலத்து வாசகர்களுக்கு இந்த வேலையின் பாடு விளங்கும்.

துண்டின் நுனி சற்று வெளியே தெரிந்தால், குறட்டினால் இறுகப் பற்றி இடப்புறமாகத் திருப்பலாம். அல்லது அரத்தினால் நுனியில் ஒரு பள்ளம் வெட்டி, திருப்புளியால் திருப்பலாம். அது முற்றாக உள்ளே புதைந்திருந்தால் வேலை கடினம். எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். துண்டின் மிகச் சரியான நடுவிலே ஒரு புள்ளி குத்தி, இடப்புறமாகச் சுழலும் துளைகருவியால் மெதுவாகத் துளைக்க வேண்டும். நடு தவறினால் வண்டியின் புரியே பாழாகிவிடும்.

இங்கே கைவினைஞர் அறிந்த ஓர் உண்மை உண்டு. திருகாணியைத் துளைக்குள் இறுகப் பிடித்துவைப்பது பெரும்பாலும் அதன் தலையின் அழுத்தமே. தலை முறிந்த கணமே அந்த இழுவிசை நீங்கிவிடுகிறது. ஆகவே துருவோ அரிப்போ பற்றியிராவிடின், மீதித் துண்டு நாம் அஞ்சியதைவிட இலகுவாகவே சுழன்று வெளியே வரும். ‘நான் பிழை விட்டுவிட்டேன்’ என்று தாழ்ந்து சொல்லும் மனிதனின் நிலையும் அதுவே. செருக்கு என்னும் தலை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் எதுவும் அசையாது. அது முறிந்தபின், பல்லாண்டுப் பகையும் ஓரிரு வார்த்தைகளில் கழன்றுவிடுவதுண்டு.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. துண்டைப் பற்றி இழுக்கவென உள்ள பிடுங்கு கருவி மிகக் கடினமான உருக்கினால் ஆனது. அவசரப்பட்டுப் பலவந்தம் செய்தால், அதுவே உள்ளே முறிந்து, சாதாரண துளைகருவிக்கு அடங்காத பெருந்தடையாகிவிடும். ஒப்புரவிலும் பலவந்தம் ஆகாது. ஊரைக் கூட்டி ஒருவரை மன்னிப்புக் கேட்க வைப்பது, பழைய காயத்துக்குள் அதைவிடக் கடினமான இன்னொரு துண்டை முறித்து வைப்பதாகும்.

துண்டு வெளியே வந்ததும், புரியைச் சுத்தம் செய்து, அதே வலிமையுள்ள புதிய திருகாணிக்கு மசகு பூசி, அளவறிந்து இறுக்க வேண்டும். முறியாத மற்றைய திருகாணியையும் மாற்றுவது நன்று. அதுவும் இதுவரை அதிகப் பாரம் சுமந்திருக்கும். பின்பு சிறிது தூரமேனும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கொல்லன் பட்டறையில் ஒரு சிறுவன்

செப்பனிடுதலுக்கு விலை உண்டு. இதனை எடுத்துக்காட்டும் உண்மை நிகழ்வொன்று துவிச்சக்கர வண்டி வரலாற்றில் நிலைத்துள்ளது. 1913ஆம் ஆண்டு ஜூலையில், பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற போட்டியில் இயூஜின் கிறிஸ்தோப் என்ற வீரர் முன்னணியில் இருந்தார். லூர்து நகரையும் தன் அடிவாரத்தில் கொண்ட பிரனீஸ் மலைத்தொடரில், தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவரது வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறக்கூடாது என்பது அக்காலப் போட்டி விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீற்றருக்கும் அதிகமாக நடந்து, சென்-மரி-த-கம்பன் என்ற சிற்றூரை அடைந்தார். புனித மரியாளின் பெயரைத் தாங்கிய அவ்வூரின் கொல்லன் பட்டறையில், தன் கைகளாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைப் பொருத்தினார். மணித்தியாலங்கள் கடந்தன. வெற்றி வாய்ப்பும் கடந்துபோயிற்று.

இரு கைகளும் வேலையில் இருந்தமையால், உலைத்துருத்தியை ஊதச் சிறுவன் ஒருவன் உதவினான். நடுவர்கள் அதற்காக அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை விதித்தனர். பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் அவர் போட்டியைக் கைவிடவில்லை. பாரிஸ் நகரை அடைந்து, இறுதியில் ஏழாம் இடத்தைப் பெற்றார். 1919இல், போட்டியில் முன்னணி வீரருக்குரிய மஞ்சள் மேலாடையை அணிந்த முதல் வீரர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டும் கவை முறிந்தது, மீண்டும் செப்பனிட்டார், அவ்வாண்டும் வெற்றி கைநழுவியது. அப்போட்டியில் அவர் ஒருபோதும் முதலிடம் பெறவில்லை. எனினும் வென்றோர் பலரது பெயர்கள் மறக்கப்பட்ட பின்னரும், அந்த மலையூரில் அவரது பெயர் நினைக்கப்படுகிறது.

மனிதரின் போட்டி விதி, துருத்தி ஊதிய சிறுவனைக் குற்றமாகக் கண்டது. கிறிஸ்துவின் சட்டமோ ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்கும்படி பணிக்கிறது (கலாத்தியர் 6:2). திருச்சபையில் எவரும் தனித்து ஓடுவதில்லை. சிலுவை சுமந்த ஆண்டவரே சீரேனே ஊரானாகிய சீமோனின் தோளை ஏற்றுக்கொண்டார். முறிந்ததைத் தனியே எடுக்க முடியாமல் தவிப்போருக்காகவே ஒப்புரவு அருட்சாதனம் அருளப்பட்டுள்ளது. அங்கே கேட்கப்படுவது நேர்மையான இதயம் ஒன்றே. மனமாற்றம் என்பதும் ஒரு திரும்புதல்தானே! வலப்புறமாக இறுகிப்போனது, இடப்புறமாகத் திரும்பினாலன்றி வெளியே வராது.

அன்பான குடும்பத்தவரே, உங்கள் உறவில் முறிந்து உள்ளே தங்கிய துண்டு எது? பெற்றோரின் காணியைப் பங்கிட்ட நாளிலிருந்து பேசாத அண்ணனா? பிள்ளையின் முதல் நன்மைக்கு அழைக்கப்படாத மைத்துனியா? நாட்டைவிட்டுப் போன பின் தொலைபேசி அழைப்பை ஏற்க மறுக்கும் மகனா? மரண வீட்டின் வாசலில் நின்று அழுதபடி, நேற்றாவது பேசியிருக்கலாமே என்று சொன்னவர்களை நாம் அறிவோம். போட்டி தொடங்கிய பின் சாவியைத் தேடியவர்கள் அவர்கள். நமக்கோ இன்னும் மாலை வேளை இருக்கிறது. முறிவை இன்று கண்டுகொண்டது துரதிர்ஷ்டமன்று, அது அருள். நாளை, மலைச்சரிவில், முழு வேகத்தில் அதைக் கண்டுகொள்வதே துரதிர்ஷ்டம்.

இத்தாலியின் வடபகுதியில், கிசால்லோ என்ற குன்றின்மீது அன்னை மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. அந்த அன்னையை 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் துவிச்சக்கர வண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரும் வீரர்களின் வண்டிகள் அங்கே காணிக்கையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று, 1995இல் பிரனீஸ் மலையின் இறக்கமொன்றில் விழுந்து உயிர்நீத்த இளம் வீரர் பபியோ கசார்த்தெல்லியினுடையது. வென்றவர்களின் வண்டிகளோடு, வீடு திரும்பாதவரின் வண்டியையும் அன்னை தன் அருகிலே வைத்திருக்கிறாள்.

இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோம். செபமாலை முடிந்ததும் சற்று மௌனமாக இருந்து, நம் இல்லத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். முறிந்தது தென்பட்டால் நாடா சுற்ற வேண்டாம். ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் முன், முதலில் அந்த ஒருவரின் வாசற்படியை மிதிப்போம்.

இறைவா, எம் உள்ளங்களை ஆராய்ந்தறியும். இறுகியதைத் தளர்த்தவும், தளர்ந்ததை இறுக்கவும், முறிந்ததை அகற்றவும் எமக்குப் பொறுமை தாரும். மாலை முடியுமுன் அதைச் செய்யும் துணிவையும் தாரும். ஆமென்.