எந்த நாளைச் சேர்ப்பது, எந்த நாளை விடுவது?

ஏப்ரல் 10 முதல் 12 வரை விடுப்பு வேண்டும் என்று ஓர் ஊழியர் விண்ணப்பித்தால், அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் மூன்று நாள் என்பார்கள். அதே இரண்டு தேதிகளை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கொடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரண்டு என்று வரும். பலரும் இதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்து, குவெரியில் ஒரு +1 சேர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆக்சஸ் எந்தத் தவறும் செய்யவில்லை. இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்பது கழித்தலோடு முடிந்துவிடும் கணக்கு என்று நாம் நம்புவதில்தான் கோளாறு இருக்கிறது. முதல் நாள் சேருமா, கடைசி நாள் சேருமா, ஒரு நாள் என்பது நள்ளிரவில் மாறுகிறதா அல்லது 24 மணி நேரம் நிறைந்தால்தான் மாறுகிறதா என்பதையெல்லாம் சட்டமோ ஒப்பந்தமோ வழக்கமோ தீர்மானிக்கிறது. தரவுத்தளத்தை அமைப்பவர் அந்த விதியைத் தெரிந்துகொண்டு, பின்னால் வருபவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கழித்தல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் எழுதுகிற வடிவத்தில் ஆக்சஸ் தேதியைச் சேமிப்பதில்லை. 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்ஜியமாக வைத்து அதிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு வருகிறது. 2024 ஏப்ரல் 10 அதன் கணக்கில் 45392. ஏப்ரல் 12 என்றால் 45394. நேரம் தசமப் புள்ளிக்குப் பின்னால் போய் உட்காரும்: காலை 6 மணி கால் பங்கு, மாலை 6 மணி முக்கால் பங்கு. மாதத்துக்கு முப்பதா முப்பத்தொன்றா, லீப் ஆண்டா இல்லையா என்ற தொல்லையெல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. நம் பஞ்சாங்கக் கணிதர்களுக்கு இந்த உத்தி மிகப் பழையது. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களை எண்ணும் அகர்கணம் இதே வகைதான். புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை, 1825-ல் சென்னையில் வெளியான 'காலசங்கலித' நூலில் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். எண்ணிக்கை அந்தக் காலத்திலும் சிக்கலாக இருந்ததில்லை.

சிக்கல் அந்த எண்ணுக்கு நாம் கொடுக்கும் பொருளில் தொடங்குகிறது. ஒரு நோயாளி ஏப்ரல் 10 மாலை 6 மணிக்கு மருத்துவமனையில் சேர்ந்து, மறுநாள் காலை 9 மணிக்கு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எண்களையும் நேரடியாகக் கழித்தால் 0.625 வரும், அதாவது 15 மணி நேரம். ஆக்சஸில் இதற்கென்றே இருக்கும் 'டேட்டிஃப்' என்ற செயற்கூறிடம் நாள் கணக்கைக் கேட்டால் 1 என்று சொல்லும். இடையில் நள்ளிரவு எத்தனை முறை கடந்தது என்பதைத்தான் அது எண்ணுகிறது. படிவத்தில் எழுதும்போது 10, 11 என இரண்டு தேதிகள். மூன்று விடைகளும் சரி. ஆனால் 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் காப்பீட்டுப் பாலிசிக்கு முதல் விடை மட்டுமே பொருந்தும். 'டேட்டிஃப்' சொன்ன 1-ஐ நம்பி விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் மிஞ்சும்.

ஆண்டுக் கணக்கில் இது இன்னும் மோசமாகிறது. 2006 நவம்பர் 15-ல் பிறந்தவருக்கு 2024 ஜனவரி 1 அன்று வயது என்ன என்று 'டேட்டிஃப்'பிடம் ஆண்டு அலகில் கேட்டால் 18 என்கிறது. அது ஜனவரி முதல் தேதிகள் எத்தனை கடந்தன என்று மட்டுமே பார்க்கிறது. உண்மையில் அவருக்கு வயது 17; வாக்காளர் பட்டியலில் சேர முடியாது.

இதெல்லாம் மென்பொருளைச் சரியாகப் படிக்காததால் வருவது, கவனமாக இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. காசோலை வழக்குகளைப் பார்த்தால் அந்தப் பதில் போதாது என்று தெரியும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 142-ஆம் பிரிவுகளின்படி, பணமின்றித் திரும்பிய காசோலைக்காக அனுப்பிய அறிவிப்பு கிடைத்தபின் பணத்தைச் செலுத்த 15 நாள் அவகாசம்; அதிலும் செலுத்தாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். சாகேத் இந்தியா வழக்கில் அறிவிப்பு 1995 செப்டம்பர் 29-ல் கிடைத்தது. 15 நாள் அவகாசம் அக்டோபர் 14-ல் முடிந்தது. வழக்குக்கான காரணம் அக்டோபர் 15-ல் எழுந்தது. புகார் நவம்பர் 15-ல் தாக்கலானது. அக்டோபர் 15-ஐயும் எண்ணினால் புகார் ஒரு நாள் தாமதம். அதை விட்டுவிட்டால் புகார் காலத்துக்குள் வந்தது. விட்டுவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, எஸ்.ஐ.எல். இம்போர்ட் வழக்கில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு வேறு விதமாகச் சொன்னது. இந்த முரண் 2013-ல்தான், ஈகான் அன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முதல் நாளை விடுவதே சரி என்று சொன்ன பிறகு, தீர்ந்தது. தேதிகளில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரே ஒரு நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. சட்டம் அறிந்தவர்களே இவ்வளவு காலம் வாதிட்ட ஒன்றை, குவெரி எழுதுபவரின் ஊகத்துக்கு விட்டுவிட முடியாது.

வட்டிக் கணக்கிலும் இப்படித்தான். 2023 பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை எத்தனை நாள்? நாட்காட்டிப்படி 28. இந்திய அரசின் கருவூல உண்டியல்களுக்கு இந்த நாட்காட்டிக் கணக்குதான். அரசுக் கடன் பத்திரங்களுக்கோ எல்லா மாதமும் 30 நாள் என்பதால் விடை 30.

சரி, தேவையான இடத்தில் +1 போட்டால் முடிந்ததே என்பது அடுத்த வாதம். அந்த +1 ஏன் வந்தது என்று அதுவே சொல்லாது. விடுப்புக் குவெரியில் சரியாக இருந்த அதே வரியை ஒருவர் நூலக அபராதக் குவெரிக்கு நகல் எடுத்தால், வாசகர் ஒவ்வொருவரும் ஒரு நாள் கூடுதலாகக் கட்டுவார்கள். விதியை ஒரே ஒரு செயற்கூறாக எழுதி எல்லாப் படிவமும் அதையே அழைக்கச் செய்வதும், புலத்துக்கு 'விடுப்பு நாள், இரு முனையும் சேர்த்து' என்று நீளமாகவே பெயர் வைப்பதும் இதற்கு வழி. நாள் எண்ணிக்கையையே அட்டவணையில் சேமித்துவிடலாமே என்பவர்களுக்கு என் பதில்: தேதி ஒன்றைத் திருத்தினால் பழைய எண்ணிக்கை அப்படியே நின்றுவிடும். வசூலித்த அபராதம் போல, அன்றைக்கு முடிவான கணக்கை மட்டும் சேமிக்கலாம். அதையும் கணக்கிட்ட தேதியோடு சேமிக்க வேண்டும். நூலகத்தில் இன்னொன்றும் உண்டு. புத்தகம் திரும்பாதவரை திரும்பிய தேதி காலியாக இருக்கும். காலியோடு கழித்தால் விடையும் காலி. 15 நாளுக்கு மேல் தாமதமானவை என்று கேட்கும் பட்டியலில், இன்னும் திரும்பாத புத்தகங்களே இடம்பெறாமல் போய்விடும். காலியான இடத்தில் இன்றைய தேதியை வைத்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

விதி சரியாக இருந்தும் விடை தவறும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. நம் அலுவலகங்களில் 04.05.2024 என்றால் மே 4. ஆக்சஸின் எஸ்.க்யூ.எல். வரியில் இரண்டு # குறிகளுக்கு நடுவே 04/05/2024 என்று எழுதினால், கணினியில் இந்திய அமைப்பு இருந்தாலும் அதை அமெரிக்க முறையில் ஏப்ரல் 5 என்றுதான் எடுத்துக்கொள்ளும். 13/05/2024 என்று எழுதினாலோ, பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் பேசாமல் மே 13 என்று மாற்றிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதாவது மாதத்தின் முதல் 12 தேதிகள் தலைகீழாகும், மற்றவை சரியாக இருக்கும். 20-ஆம் தேதியை வைத்துச் சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-05-04 என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.