நெடும்பாட்டின் குறுவாயில்

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய இசைவகை புரோகிரசிவ் ராக். மின்கித்தாரும் முரசும் இதிலும் உண்டு. ஆயின் பாட்டு மிக நீளும், தாளம் நடுவே மாறும். பழகாத செவி இதனுள் நுழைவது எங்ஙனம்? பலருக்கு வாயிலானது வெட்டப்பட்ட பாட்டே.

யெஸ் குழுவினரின் 'ரவுண்டபவுட்' எட்டரை நிமிடப் பாட்டு. 1972இல் அதனை ஏறத்தாழ மூன்றரை நிமிடமாகக் குறுக்கி அமெரிக்காவில் தனித்தட்டாக வெளியிட்டனர். வானொலியில் அதனைக் கேட்டு முழு இசைத்தட்டை வாங்கியோர், தாம் கேளாத ஐந்து நிமிடம் அதில் இருக்கக் கண்டனர். பாட்டைச் சிதைத்தது குற்றமே. எனினும் அக்குற்றமின்றேல் அவர்கள் கடைப்படி ஏறியிருப்பரோ?

பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'மனி' (1973) வெட்டினால் அன்றித் தாளத்தால் இழுப்பது. நான்கெண்ணிக் கால் தட்டுவோர் தடுமாறுவர். அதன் கணக்கு ஏழு. மிசிர சாப்பு அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. கித்தார் தனித்தொலிக்குங்கால் நான்காகிப் பின் மீண்டும் ஏழாகும். இடறியது எங்கே என்றறிய மறுமுறை கேட்கத் தோன்றும். மூன்றாம் முறை கால் தானே ஏழெண்ணும். இங்ஙனம் பழகியவர்க்கு, இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதும் நிறைக்கும் யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972) நீளமாகத் தோன்றுவதில்லை.