போலந்தில் உக்ரைன் அகதிகள்: தங்கலாம்... ஆனா எத்தனை நாளைக்கு?

2025 ஆகஸ்ட் 25. போலந்து அதிபர் கரோல் நவ்ரோட்ஸ்கி ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தார். அவ்வளவுதான். அந்த நாட்டில் தஞ்சமடைந்திருக்கும் சுமார் 10 லட்சம் உக்ரைனியர்கள் முன்னால் ஒரே கேள்வி வந்து நின்றது: ‘செப்டம்பர் 30-க்குப் பிறகு நம்ம கதி என்ன?’ அன்றோடு பழைய சட்டம் காலாவதி ஆகவிருந்தது.

அப்படி என்னதான் இருந்தது அந்த மசோதாவில்?

முதல்ல, எந்த உரிமையில் தங்கியிருக்காங்க?

வழக்கமாக அகதி அந்தஸ்து கேட்டால், ஒவ்வொருவரின் மனுவையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். அதற்கே பல மாதங்கள் ஆகிவிடும். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா படையெடுத்தபோது, எல்லையில் குவிந்த கூட்டத்துக்கு அது சரிப்பட்டு வராது. எனவே 2022 மார்ச் 4-ல் ஐரோப்பிய ஒன்றியம் ‘தற்காலிகப் பாதுகாப்பு’ விதியைக் கையில் எடுத்தது. யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்தில் 2001-லேயே உருவான விதி இது. ஆனால், பயன்பாட்டுக்கு வந்தது அப்போதுதான் முதல்முறை.

இதன்படி தங்கும் உரிமை, வேலை, மருத்துவம், குழந்தைகளுக்குப் பள்ளி எல்லாம் உண்டு. தனித்தனி விசாரணை கிடையாது. பல முறை நீட்டிக்கப்பட்ட இந்தப் பாதுகாப்பு, இப்போது 2027 மார்ச் 4 வரை இருக்கிறது.

போலந்தில் என்ன கிடைக்கும்?

முதலில் ‘பெசல்’ எண் வாங்க வேண்டும். நம்ம ஆதார் மாதிரி. அதோடு ‘யுகேஆர்’ என்ற அந்தஸ்தும் சேர்ந்து வரும். வேலை, மருத்துவம், உதவித்தொகை என எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. ஒரு கண்டிஷன்: 30 நாட்களுக்கு மேல் போலந்தைவிட்டு வெளியே இருந்தால் அந்த அந்தஸ்து போய்விடும். ஊரில் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கப் போனாலும் நாட்களை எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

உதவித்தொகையில் முக்கியமானது ‘800 பிளஸ்’. ஒரு குழந்தைக்கு மாதம் 800 ஸ்லாட்டி. 2025-ன் மதிப்பில் சுமார் 19 ஆயிரம் ரூபாய். போலந்துக் குழந்தைகளுக்கும் இதே தொகைதான்.

சண்டை எதில்?

‘வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே 800 பிளஸ்’ என்பது நவ்ரோட்ஸ்கியின் வாதம். கடைசியில் திருத்தப்பட்ட மசோதாவுக்கு செப்டம்பர் 26-ல் ஒப்புதல் கொடுத்தார். கெடு முடிய நான்கே நாள்தான் பாக்கி! புதிய விதிப்படி பெற்றோர் வேலையில் இருக்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியத்தில் பாதியாவது சம்பாதிக்க வேண்டும், பிள்ளை போலந்துப் பள்ளியில் படிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோருக்கு விலக்கு உண்டு.

கேட்க நியாயமாகத்தானே இருக்கு என்று தோன்றலாம். ஆனால், யார் இந்தப் பெற்றோர் என்று பார்க்க வேண்டும். 2022-ல் போர் தொடங்கியதுமே 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேற உக்ரைன் தடை போட்டது. அதனால் குழந்தையோடு தனியாக வந்த அம்மாக்கள்தான் அதிகம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. வேலை இல்லாவிட்டால் உதவித்தொகை கிடையாது.

‘சும்மா உட்கார்ந்து சாப்பிடுறாங்க’ என்பது உண்மையா?

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஐ.நா. அகதிகள் முகமைக்காக டெலாய்ட் நிறுவனம் செய்த ஆய்வின்படி, 2024-ல் போலந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.7 சதவீதம் உக்ரைன் அகதிகளால் வந்தது. வேலை வாங்குவதும் அங்கே ஈஸிதான். தனி ஒர்க் பெர்மிட் தேவையில்லை. ஆளைச் சேர்த்ததை முதலாளி அரசுக்குத் தெரிவித்தால் போதும்.

அடுத்து என்ன?

நவ்ரோட்ஸ்கி ஒப்புதல் கொடுத்த சட்டத்தின் ஆயுள் 2026 மார்ச் 4 வரை மட்டுமே. அதற்கு மேல் நிலையாகத் தங்க நினைப்பவர்களுக்காக 3 ஆண்டு வசிப்பிட அட்டை ஒன்றைப் போலந்து கொண்டுவருகிறது. தொடர்ந்து 365 நாட்கள் யுகேஆர் அந்தஸ்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த அட்டையை வாங்கினால் தற்காலிகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2022-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை இப்போது நான்காம் வகுப்பு. போலிஷ் மொழி சரளமாக வந்துவிட்டது. ஆனால் அடுத்த வருடம் எந்த நாட்டில், எந்தப் பள்ளியில் என்று அதன் அம்மாவால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.