மிகுந்த வெப்பம் போகும் இடம்



சித்திரை மாதத்து நண்பகலில் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்தவர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள். மணல் காலைச் சுடும். நாலடி தள்ளி அலையில் நின்றாலோ குளிர்ச்சியாக இருக்கும். இரண்டின் மீதும் காய்வது ஒரே சூரியன்தான். சிறுவயதில் நான் இதைப் பற்றி எண்ணியதே இல்லை; அலையை நோக்கி ஓடுவதிலேயே கருத்தாயிருந்தேன். பூமி சூடேறி வருவதைப் பற்றிப் பேச முற்படும் இன்றுதான் அந்த மணலும் நீரும் நினைவுக்கு வருகின்றன.

சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தைப் பூமி கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக வானவெளிக்கு அனுப்பிவிடுகிறது. வரவும் செலவும் ஒத்திருந்தால் கவலையில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் பெருகிவரும் கரியமில வாயு அந்தச் செலவைக் குறுக்குகிறது. மிச்சம் இங்கேயே தங்கிவிடுகிறது. எங்கே தங்குகிறது?

காற்றில்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் 2021-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு அறிஞர் குழுவின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 1971 முதல் 2018 வரை சேர்ந்த மிகுதி வெப்பத்தில் நூற்றுக்கு 91 பங்கைக் கடலே ஏற்றுக்கொண்டது. நிலத்துக்கு 5, பனிக்கட்டி உருகியதில் 3, காற்றுமண்டலத்துக்குக் கிடைத்தது 1 பங்குதான். வெப்பமானியில் பார்த்து நாம் கலங்குவதெல்லாம் அந்த ஒரு பங்கை!

காரணம் எளிது. ஒரே எடையுள்ள நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடாக்க வேண்டுமானால், நீருக்கு நான்கு மடங்கு வெப்பம் தேவை. கடலின் மேலுள்ள மூன்று மீட்டர் நீர் மட்டுமே, அதன்மேல் கவிந்துள்ள காற்று முழுவதும் கொள்ளும் வெப்பத்தைக் கொள்ளும். மேலும், மணலில் வெப்பம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கடலிலோ அலையும் நீரோட்டமும் அதைக் கலக்கிக் கீழே கொண்டுபோகின்றன.

இதை அளந்தறிந்த விதமும் சுவையானது. 1872-இல் புறப்பட்ட ‘சாலஞ்சர்’ கப்பலில் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி ஆழத்தில் இறக்கினார்கள். இன்று ‘ஆர்கோ’ எனப்படும் மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் திரிகின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்துசெல்லும் மிதவை, பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர்வரை இறங்கி, வழிநெடுக அளந்துகொண்டே மேலேறிச் செயற்கைக்கோளுக்குச் செய்தி சொல்லிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். ஆளில்லாமல் இவ்வளவு ஒழுங்காக உழைக்கும் பணியாளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடல் இச்சுமையை ஏற்றதால் நாம் தப்பினோம் என்று எண்ணுவதற்கில்லை. சூடேறிய நீர் பருக்கும். மேற்சொன்ன ஆண்டுகளில் உயர்ந்த கடல்மட்டத்தில் பாதியளவு இப்படி நீர் பருத்ததால் ஏற்பட்டதே. ஆழத்துக்கு இறங்கிவிட்ட வெப்பமோ, நாளையே புகை நின்றாலும், நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே இருக்கும்.

நம் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளப்பாறைகள் வெளுத்தன. பவள உயிரின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசியை, நீர் அளவுமீறிச் சூடாகும்போது அவ்வுயிர் வெளியேற்றிவிடுகிறது. விரைவில் நீர் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். வாரக்கணக்கில் தணியாவிட்டால் அது மடியும்; பாறை இடுக்குகளில் ஒதுங்கி வளரும் மீன்குஞ்சுகளும், அவற்றை நம்பி வலை வீசும் கரையோர மக்களும் அந்த இழப்பைத் தாங்கவேண்டியதுதான்.