டவுசருக்கு ஏன் பன்மை?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் பக்கம் போனால் ஆண்களிடம் இரண்டு உடுப்புதான் அதிகம் கண்ணில் படும்: கைலி, டவுசர். ஆங்கிலத்தில் கைலி 'எ லுங்கி'. டவுசர் மட்டும் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் 'டிரவுசர்ஸ்'. கூடவே 'இஸ்' போய் 'ஆர்' வந்துவிடும். அந்தக் குப்பத்துப் பையன் ஒருத்தன் "மை டிரவுசர் இஸ் வெட்" என்று பரீட்சையில் எழுதினால் சிவப்பு மை விழும். நனைந்தது ஒரு டவுசர்தானே, அப்புறம் ஏன்?

வழக்கமான பதில், கால் ரெண்டு இருக்கு என்பது. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், இடைக்கால ஐரோப்பாவில் ஆண்கள் காலுக்கு ஒன்றாகத் தனித்தனி உறை மாட்டி இடுப்பில் முடிந்துகொண்டார்கள், அதுதான் 'எ பேர் ஆஃப்' என்பார்கள். இது பொய்யில்லை, பாதி உண்மை. 'பேன்டலூன்ஸ்' சுருங்கி 'பேன்ட்ஸ்' ஆனது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு வெகுகாலம் முன்பே ரெண்டு காலையும் சேர்த்துத் தைத்தாகிவிட்டது. ஜட்டிக்குக் காலே கிடையாது; ஆனாலும் 'பிரீஃப்ஸ்'. சட்டைக்கு ரெண்டு கை இருக்கு. ஆனாலும் 'எ ஷர்ட்'.

பழவேற்காட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு சாட்சியே இதற்கு உண்டு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் மொழியில் கால்சட்டை 'ப்ரூக்'. ஆங்கிலத்தின் 'பிரீச்சஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர். ஆனால் ஒரு கால்சட்டை டச்சில் ஒருமை, ஆங்கிலத்தில் பன்மை. டச்சுக்காரருக்கும் கால் ரெண்டுதானே! ஆக, உடுப்பின் வடிவம் மட்டும் காரணமில்லை. அதை எப்படிப் பார்ப்பது என்று அந்தந்த மொழி பழகிக்கொண்டதும் காரணம்.

நான் மென்பொருள் ஆள். எங்கள் தொழிலில் 'லெகசி கோட்' என்று ஒன்று உண்டு. யாரோ எப்போதோ ஒரு காரணத்துக்காக எழுதினது. காரணம் போய்விடும், விதி நிற்கும். அப்புறம் புதுசாக உள்ளே வருகிற எல்லாம் அந்த விதிக்கு அடங்கித்தான் ஓட வேண்டும்.

ஆங்கிலத்துக்குள் போன நம் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். 'பைஜாமா' பாரசீகத்தில் பிறந்து இந்தி-உருது வழியாகப் போன சொல். 'பா' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. சுத்தமான ஒருமை. ஆங்கிலத்தில் நுழைந்ததும் 'பைஜாமாஸ்' ஆகிவிட்டது. 'டுங்ரி' ஒரு முரட்டுப் பருத்தித் துணி. அது உடுப்பானதும் 'டங்கரீஸ்'. ஜோத்பூர் ஒரே ஒரு ஊர். அங்கிருந்து போன குதிரைச் சவாரிக் கால்சட்டை 'ஜோத்பூர்ஸ்'. ஊர்ப்பெயருக்கே பன்மை!

பழவேற்காட்டின் பெயரும் உடுப்பாகியிருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து துணி கிழக்கே கப்பலேறியது. மலாயில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி, 'பெலிகாட்' நம்ம பழவேற்காடு. அதே உடுப்பை ஆங்கிலத்தில் 'எ சாரோங்' என்றுதான் எழுதுவார்கள். அதற்குக் கவட்டை கிடையாது, அதனால் அந்தப் பழைய விதி அதைத் தொடவில்லை.

தமிழுக்கு வந்தால் கதை அப்படியே தலைகீழ். 'டிரவுசர்ஸ்' வாலை இழந்து 'டவுசர்' ஆனது. 'பேன்ட்ஸ்' 'பேன்ட்' ஆனது, 'நிக்கர்ஸ்' 'நிக்கர்' ஆனது. 'ஷார்ட்ஸ்', 'சாக்ஸ்' இரண்டும் வாலோடு வந்தும் அது நமக்குப் பன்மையாகவே படவில்லை. "ஒரு சாக்ஸைக் காணோம்" என்று வீட்டுக்கு வீடு தேடுகிறோம். காரணம், நம் இலக்கணம். அஃறிணைக்கு 'கள்' கட்டாயமில்லை; "ரெண்டு டவுசர்" என்றால் போதும். இப்படி ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே உருவில் நிற்கும் பெயரை நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்கிறது.

ஆக, ஆங்கிலேயர் பைஜாமாவைத் தங்கள் வழக்கத்துக்கு வளைத்தார்கள். நாம் டிரவுசர்ஸை நம் வழக்கத்துக்கு வளைத்தோம். முதலாவதை அகராதியில் போட்டுச் சொல் வரலாறு என்கிறோம். இரண்டாவதற்கு மட்டும் "இங்கிலீஷ் தெரியாதவன்" என்று சிரிக்கிறோம்.

பரீட்சையில் 'ஆர்' போட்டுத்தான் ஆக வேண்டும். அது அந்த மொழியின் விதி, பையன் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் விதியோடு இந்தக் கதையையும் ரெண்டு நிமிஷம் சொன்னால், தன் புத்தியில்தான் ஏதோ கோளாறு என்று அவன் நினைக்க மாட்டான். ஒன்றை ஒன்று என்றுதான் அவன் எழுதினான். அவன் எண்ணியது சரி.